பெயர் சொல்லாதவள்

பிலாய்,
7-3-1961

மயிலம்மாளுக்கு,

நான் சுகம். பொன்னுத்தாய்க்கு இருமல் விட்டதா என்று எழுது. மற்ற விஷயங்களைப் பிறகு பேசிக்கொள்ளலாம். முதலில் இதற்குப் பதில் வேண்டும்.

பெரிய கடைவீதி ஜவுளிக்கடை சேக் மைதீன் பாய் கார்டு போட்டிருக்கிறார். கார்த்திகையிலிருந்து மாசி வரை நீ என் கணக்கில் எடுத்த துணிக்கு இருநூற்றுச் சொச்சம் பாக்கியாம். பாய் நல்ல மனுசன். ‘அவசரமில்லை, தோதுப்பட்டபோது அனுப்புங்கள். தங்கள் சம்சாரம் வந்து எடுத்துப்போனதால் தகவலுக்காக எழுதுகிறேன்’ என்று மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார். அந்த மரியாதையைப் படிக்கத்தான் எனக்குக் கூச்சமாக இருந்தது.

என் கணக்கில் நீ துணி எடுத்தாய் என்று எனக்கு வருத்தம் இல்லை. இங்கே இரும்பாலையில் பிட்டர் வேலைக்குக் கிளம்பும்போது, அவசரத்துக்கு என் வீட்டில் கேட்டால் கொடுங்கள் என்று பாய் கடையிலும் பாத்திரக்கடையிலும் சொல்லிவிட்டு வந்தவனே நான்தான். ஆனால் மூன்று பட்டுச் சேலை எந்தக் கலியாணத்துக்கு? அதையும் விடு. எட்டு முழ வேட்டி இரண்டும் சட்டைத் துணியும் எடுத்திருக்கிறாய். நான் இங்கே காக்கிக் கால்சட்டை போட்டுக்கொண்டு இரும்புக்கு நடுவில் கிடக்கிறேன். நம் வீட்டில் அந்த வேட்டியை யார் கட்டுகிறார்கள்?

சுற்றி வளைக்காமல் எழுது.

மருதை


ஸ்ரீரங்கம்,
14-3-1961

பொன்னுத்தாய் அப்பாவுக்கு,

பொன்னுத்தாய்க்கு இருமல் விட்டுவிட்டது. பள்ளிக்கூடம் போகிறாள்.

வேட்டியை யார் கட்டுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அதுதான் தெரிய வேண்டும். நீங்கள் ஊரை விட்டுப் போன பிறகு நான் பாய் கடை வாசலை மிதித்ததில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, கட்டிய சேலையோடு டவுன் பஸ் ஏறிப் போனேன். கடைசி வீட்டு இருசம்மாள் இங்கே இருந்திருந்தால் துணைக்குக் கூட்டிப் போயிருப்பேன். அவள்தான் தீபாவளியோடு வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு உறையூர்ப் பக்கம் போய்விட்டாளே. குழாயடியில் பேசக்கூட எனக்கு ஆள் இல்லை.

பாய் கல்லாவில் இருந்தார். “யாரு கணக்கு தாயி?” என்றார்.

“அவங்க கணக்குங்க.”

“அவங்கன்னா யாரு? பேரு வேணுமே.”

நான் எப்படிச் சொல்லுவேன். எப்போதும் சொல்வதைத்தான் சொன்னேன். “மீனாட்சியம்மன் ஊருங்க.”

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். “மருதை சம்சாரமா, உக்காரு. போன மாசமும் இதையேதான் சொன்னே” என்றார் பாய். “போன மாசம் வந்தது நான் இல்லீங்க” என்றேன். அப்போதும் அவர் தலை நிமிரவில்லை. “கடைக்கு வர்ற பொம்பளைங்க முகத்தை நான் ஏறிட்டுப் பாக்குறதில்ல தாயி. அது எங்க அத்தா காலத்து வழக்கம். புருசன் பேரைச் சொல்லக் கூசுனா வீட்டுப் பொம்பளைன்னு நம்பித் துணியை எடுத்துப் போட்டுருவேன்” என்றார்.

கடையில் வேலை பார்க்கும் அப்துல் சுக்கூரைக் கேட்டேன். “உங்க உசரம்தான்க்கா இருப்பாங்க. முந்தானையை வாயில வச்சுக்கிட்டே நிப்பாங்க. நீங்க இப்ப நிக்கிறீங்களே, அதே மாதிரி” என்றான். குனிந்து பார்த்தால் என் முந்தானை என் வாயில் இருக்கிறது.

எவளோ ஒருத்தி நானாகக் கடைத்தெருவில் நடமாடுகிறாள். உங்கள் பேரும் தெரிந்திருக்கிறது, நீங்கள் பிலாயில் இருப்பதும் தெரிந்திருக்கிறது. இதுதான் நடந்தது. பதினோரு வருசம் என்னோடு குடித்தனம் நடத்தினவருக்கு இதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

மேல்விலாசத்தில் உங்கள் பேர் வருவதால், வழக்கம்போல் அதை எழுதித் தந்தது பக்கத்து வீட்டு லூர்துராணி டீச்சர்.

தங்கள்
மயிலம்மாள்


பிலாய்,
20-3-1961

மயிலம்மாளுக்கு,

என் காதில் பூச்சுற்றாதே.

ரேசன் கார்டு எடுக்கப் போனபோது குமாஸ்தா என் பேரைக் கேட்டதற்கு நீ என்ன சொன்னாய்? மீனாட்சியம்மன் ஊர் என்றாய். பக்கத்தில் நின்றவன் நான். பாயிடம் அந்தப் பொம்பளை சொன்னதும் அதே வார்த்தை. நின்றதும் உன்னைப்போல. உயரமும் உன் உயரம். உன் கடிதத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறாய். அவள் செய்வதும் நீ செய்வதும் ஒன்றாக இருக்கும்போது அவள் வேறு நீ வேறு என்று நான் எதை வைத்து நம்புவது?

இதற்கு நடுவில் பாத்திரக்கடையிலிருந்தும் கார்டு வந்துவிட்டது. பித்தளைத் தவலை, அண்டா. அண்டாவில் யாருக்கு ஆக்கிப் போடுகிறாய்?

நிலைமை தெரிகிறவரைக்கும் பொன்னுத்தாய் அங்கே இருக்க வேண்டாம். திருவெள்ளறையில் என் அக்காவுக்கு எழுதிவிட்டேன். வந்து கூட்டிக்கொண்டு போகும். நீ இருந்தால் இரு, இல்லை தொட்டியத்தில் உன் அண்ணன் வீட்டுக்குப் போவதானாலும் போ. மணியார்டரை இனி அக்கா பேருக்கு அனுப்புகிறேன். அடுத்த சம்பளத்துக்குள் இரண்டு கடைக்கும், என் பேரைச் சொல்லி யார் வந்தாலும் எதுவும் கொடுக்க வேண்டாம் என்று எழுதிவிடப் போகிறேன்.

மருதை


ஸ்ரீரங்கம்,
28-3-1961

பொன்னுத்தாய் அப்பாவுக்கு,

உங்கள் அக்கா வள்ளிக்கண்ணு வந்தார்கள். வாசலிலேயே நின்றார்கள். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. “புள்ளை துணியை எடுத்துக் குடு” என்றார்கள். கொடுத்தேன். பஸ்ஸில் போகிற சந்தோசத்தில் பொன்னுத்தாய் முன்னால் ஓடினாள். தெருமுனையில் திரும்பி, “நீ வரலியாம்மா?” என்றாள். “பின்னால வரேன், போ” என்றேன்.

அழுகை வரும் என்று உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. உலை வைத்தது ஞாபகம் வந்து எழுந்து போனேன். இரண்டு பேருக்கு அரிசி போட்டிருக்கிறேன். மறுநாள் பழையதாக அதையே சாப்பிட்டேன். உப்பு போட்டேனா இல்லையா என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டு டீச்சர் வந்து, “மயிலு, அழுதுடும்மா, உள்ள வச்சுக்காத” என்றார்கள். உள்ளே ஏதாவது இருந்தால்தானே வைத்துக்கொள்வதற்கு.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மணியார்டரை யார் பேருக்கு வேண்டுமானாலும் அனுப்புங்கள். தெருவில் இரண்டு வீட்டுக்கு மாவாட்டிக் கொடுக்கிறேன், எனக்கு அது போதும். ஆனால் கடைகளுக்கு மட்டும் எழுதாதீர்கள். எழுதினால் அவள் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு அத்தோடு நின்றுவிடுவாள். அவள் யார் என்று ஒருநாளும் தெரியாது. கணக்கை மூடினதும் நின்றுவிட்டது பார், அப்படியானால் இவளேதான் என்று நீங்களே சொல்லுவீர்கள். நான் சாகிறவரைக்கும் அவளாகவே இருக்க வேண்டியதுதான். பொன்னுத்தாய் என்னிடம் திரும்பி வர மாட்டாள்.

சித்திரைத் தேருக்குக் கடைத்தெருவில் ஊர்ப்பட்ட கூட்டம் வரும். கூட்டத்தோடு கூட்டமாக அவளும் வருவாள். அதுவரைக்கும் கணக்கைத் திறந்து வையுங்கள்.

தங்கள்
மயிலம்மாள்


பிலாய்,
3-4-1961

மயிலம்மாளுக்கு,

கடைகளுக்குத் தேர் வரைக்கும் எழுதவில்லை. அதற்கு மேல் ஒருநாள் கிடையாது. தேர் முடிந்து அவள் அகப்படவில்லை என்றால் பொன்னுத்தாய் திருவெள்ளறையிலேயே படிக்கட்டும். அதற்குப் பிறகு என்னைக் கேட்காதே.

என் அறையில் இருக்கும் அற்புதசாமி லால்குடிக்காரன். உன் கடிதத்தை அவனிடம் படித்துக் காட்டினேன். “பொய் சொல்ற பொம்பளை இவ்வளவு சுருக்கமா எழுத மாட்டாண்ணே” என்கிறான். அவனுக்கென்ன, அவன் வீட்டில் நடந்தால் தெரியும்.

ஆனால் எப்படிப் பிடிப்பாய்? பாய் முகத்தைப் பார்க்க மாட்டார். கடை வாசலில் நீ தினமும் காவல் கிடக்க முடியாது. அவள் என்ன, நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டா வருவாள்?

மருதை


ஸ்ரீரங்கம்,
11-4-1961

பொன்னுத்தாய் அப்பாவுக்கு,

எப்படிப் பிடிப்பாய் என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு முந்தின கடிதத்தில் நீங்களே வழி சொல்லியிருக்கிறீர்கள். அவள் செய்வதும் நீ செய்வதும் ஒன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ராத்திரியும் பகலும் அதையே நினைத்துக்கொண்டு மாவாட்டினேன். அவள் என்னைப் பார்த்துத்தான் செய்கிறாள். அப்படியானால் நான்தான் மாற வேண்டும், அவளுக்குத் தெரியாமல்.

நேற்றுத் திங்கட்கிழமை பாய் கடைக்குப் போனேன். “இனிமே எங்க வீட்டுக் கணக்குன்னு யாரு வந்தாலும் பேரைக் கேளுங்க. பேரைச் சொல்லாம மீனாட்சியம்மன் ஊருன்னு சொன்னா அவ நான் இல்ல. அவளை உக்கார வச்சுட்டு எனக்கு ஆளு அனுப்புங்க” என்றேன்.

“அப்ப உன்னை எப்படித் தெரிஞ்சுக்கிறது தாயி?”

“நான் பேரைச் சொல்லுவேன்.”

பாய் துணி கிழிப்பதை நிறுத்திவிட்டார். “யோசிச்சுக்க தாயி. உங்க சனத்துல புருசன் பேரைச் சொல்றது வழக்கமில்லன்னு எனக்குத் தெரியும். உன் பேச்சை நம்பி நான் வேணா வேற எதாவது பண்றேன்” என்றார்.

“மருதை” என்றேன்.

அப்துல் சுக்கூர் கையிலிருந்த அளவுகோலைக் கீழே வைத்தான். சேலை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி தன் மகளை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். பாத்திரக்கடைக்கும் போய் இதையே சொன்னேன், அங்கேயும் பேரைச் சொல்லிவிட்டு வந்தேன்.

சொன்னால் உங்கள் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்தவள் என் அம்மா. ரேடியோவில் மதுரை என்று சொன்னால்கூட நான் தலை குனிந்துகொள்வேன். உங்களுக்கே தெரியும். நேற்று வாயிலிருந்து வந்தபோது உடம்பெல்லாம் பதறும் என்று நினைத்தேன். ஒன்றுமே இல்லை. பஸ்ஸில் டிக்கெட் கேட்பதுபோல் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நீங்கள் சுகமாக இருப்பதாக ஒரு வரி எழுதிப் போடுங்கள். உடனே போடுங்கள்.

தங்கள்
மயிலம்மாள்


பிலாய்,
17-4-1961

மயிலம்மாளுக்கு,

செவ்வாய்க்கிழமை கிரேனில் தூக்கிய பெட்டி சங்கிலி நழுவி விழுந்தது. நான் நின்ற இடத்துக்குப் பத்தடி தள்ளி. முந்தின நிமிசம் அந்த இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் இல்லை, முழங்கையில் சிராய்ப்பு. நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனால் உன் கடிதம் கைக்கு வந்து, திங்கட்கிழமை சொன்னேன் என்று படித்தபோது நாளை எண்ணிப் பார்த்தேன். மறுநாள்தான் பெட்டி விழுந்திருக்கிறது.

என் அக்கா காதுக்கும் விஷயம் போயிருக்கிறது. ‘கட்டினவன் பேரைக் கடைவீதியில் ஏலம் போட்டவளிடம் இனி பிள்ளையை விடமாட்டேன்’ என்று எழுதச் சொல்லியிருக்கிறது.

இனிமேல் சொல்லாதே. வேறு ஏதாவது அடையாளம் வைத்துக்கொள். கையில் மோதிரத்தைக் காட்டு. எதையாவது செய். பேரை மட்டும் சொல்லாதே.

மருதை


ஸ்ரீரங்கம்,
24-4-1961

பொன்னுத்தாய் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் சுகம் என்று படித்ததும் திருவானைக்கோவில் போய் அம்மன் சந்நிதியில் உங்கள் பேருக்கு அர்ச்சனை செய்தேன். குருக்கள் பேரும் நட்சத்திரமும் கேட்டார். அங்கேயும் நானே சொன்னேன். நட்சத்திரம் மட்டும்தான் அவருக்கு இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருந்தது.

மோதிரம் இல்லை. பங்குனியில் அடகுக்குப் போய்விட்டது.

பெட்டி உங்களுக்குப் பத்தடி தள்ளி விழுந்தது. பொன்னுத்தாய் எனக்குப் பன்னிரண்டு மைல் தள்ளி இருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை திருவெள்ளறைக்குப் போனேன். கோவில் வெளிமதில் ஓரமாக நிற்கச் சொல்லி, உங்கள் அக்கா பிள்ளையை அனுப்பினார்கள். சீக்கிரம் அனுப்பிவிடு என்று ஆள் வேறு கூட வந்தது. பிள்ளை தலையில் பேன் விழுந்திருக்கிறது. நான் பேன் எடுத்துக்கொண்டிருந்தபோதே நேரமாகிவிட்டது என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

தேர் வரைக்கும் என்று சொல்லியிருக்கிறீர்கள். தேர் வரைக்கும் உங்கள் பேரைச் சொல்லத்தான் செய்வேன். நீங்கள் அங்கே கிரேன் பக்கம் நிற்காதீர்கள். என்னால் அவ்வளவுதான் செய்ய முடியும்.

தங்கள்
மயிலம்மாள்


ஸ்ரீரங்கம்,
11-5-1961

பொன்னுத்தாய் அப்பாவுக்கு,

அகப்பட்டுவிட்டாள். இருசம்மாள்தான். நம் வரிசையில் கடைசி வீட்டில் குடியிருந்தாளே, அவளேதான்.

தேருக்கு வெளியூர் ஜனம் வந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. நேற்றுப் பதினோரு மணி இருக்கும், மாவாட்டிக்கொண்டிருந்தேன். அப்துல் சுக்கூர் சைக்கிளில் வந்து நின்றான். வேர்த்து ஊற்றுகிறது. “அக்கா, வந்துருக்காங்க. முதலாளி பட்டுச் சேலையைப் பிரிச்சுப் பிரிச்சுப் போட்டுக்கிட்டிருக்காரு. குடிக்கக் கலர் வேற வாங்கிக் குடுத்துருக்கோம். கிளம்புங்க” என்றான். கையைக்கூடக் கழுவாமல் பஸ் ஏறினேன். பாலத்தில் கூட்டம். பஸ் ஊர்ந்துதான் போனது. அவள் போயிருந்தால் பொன்னுத்தாய் போனாள் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் நினைத்துக்கொண்டேன்.

போயிருக்கவில்லை. மடியில் மாம்பழ நிறச் சேலை, கையில் கலர் பாட்டில். பாய் பேரைக் கேட்டதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, “மீனாட்சியம்மன் ஊருங்க” என்றாளாம். நான் போய் நின்றபோதும் அந்த வெட்கச் சிரிப்பு அவள் முகத்தில் மிச்சம் இருந்தது. பார்த்தால் யாரும் அவளைத்தான் உங்கள் பெண்டாட்டி என்பார்கள். நான் மாவுக் கையோடு நிற்கிறேன்.

“இருசு” என்றேன். பாட்டிலைக் கீழே வைத்தாள். ஓடவில்லை.

அவளுக்கு எல்லாம் தெரிந்ததற்குக் காரணம் நான்தான். குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டே உங்கள் சம்பளம், கணக்கு வைத்திருக்கும் கடைகள், ரேசன் ஆபீசில் நான் சொன்னது, குமாஸ்தா சிரித்தது, எல்லாவற்றையும் அவளிடம் கொட்டியிருக்கிறேன். அவள் புருசன் கொழும்புக்குப் போய் ஆறு வருசமாகத் தகவல் இல்லை. அவளுக்குச் சொல்ல ஒரு கதையும் இல்லை, அதனால் நானே பேசிக்கொண்டிருந்தேன்.

ஒன்றுதான் கேட்டேன். “வேட்டி யாருக்குடி?”

“விக்கத்தான். வேட்டின்னா உடனே போயிரும். சேலைக்கு நிறம் பாப்பாங்க.”

எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வேட்டிக்காகத்தான் என் பிள்ளை போனாள் என்று அவளுக்குத் தெரியாது. சொன்னேன். அப்போதுதான் அழுதாள்.

“முதல் தடவை வயித்துக்கு இல்லாமத்தான் வந்தேங்க்கா. பேரைக் கேட்டாங்க. நீ சொன்ன மாதிரியே சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. உக்காரச் சொன்னாங்க. எனக்கும் ஒரு புருசன் எங்கியோ சம்பாரிச்சுக்கிட்டு இருக்கிற மாதிரி இருந்துச்சு. அப்புறம் பசி இல்லாதப்பவும் வந்தேன்” என்றாள்.

பாய் போலீசுக்குச் சொல்லவா என்று கேட்டார். போலீஸ் வேண்டாம், திருவெள்ளறைக்கு வந்து உங்கள் வாயால் சொல்லுங்கள், அது போதும் என்றேன். அப்போதுதான் அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். “உன் முகத்தை அன்னிக்கே பாத்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது தாயி. மரியாதைன்னு நினைச்சேன், உன் குடியைக் கெடுத்துட்டேன்” என்றார். இருசம்மாள் எடுத்த துணிக்கு உங்களிடம் காலணா வாங்க மாட்டாராம். பாத்திரக்கடையில் அவளே வேலை செய்து கழிப்பதாகப் பேச்சு. பாய் உங்களுக்கும் கார்டு போடுவார்.

நாளைக் காலையில் அவரும் நானும் திருவெள்ளறை போகிறோம்.

தங்கள்
மயிலம்மாள்


பிலாய்,
18-5-1961

மயிலம்மாளுக்கு,

பாய் கார்டும் உன் கடிதமும் ஒரே நாளில் வந்தன. படித்துவிட்டு அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. அற்புதசாமி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, டீ மட்டும் வாங்கி வந்து வைத்தான். அவன் ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்காவுக்குத் தந்தியே அடித்துவிட்டேன். பொன்னுத்தாய் இந்நேரம் வந்திருப்பாள். மணியார்டர் உன் பேருக்கு அனுப்பியிருக்கிறேன், மோதிரத்தை முதலில் மீட்டுவிடு. மாவாட்டப் போகாதே.

வேட்டி விஷயமாக நான் எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதே. எழுதக் கூடாததை எழுதிவிட்டேன். இங்கே ராத்திரியில் படுத்தால் கண்டதும் தோன்றுகிறது. உன் இடத்தில் வேறொருத்தி என்றால் கிணற்றில் விழுந்திருப்பாள் என்று அற்புதசாமி நேற்றுத்தான் வாய் திறந்து சொன்னான்.

இனிமேல் நீ என் பேரைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. பாய்தான் உன் முகத்தைப் பார்த்துவிட்டாரே. பழையபடியே இரு. ஆவணியில் எனக்கு லீவு இருக்கிறது, வருகிறேன். வாசலில் நீ அந்த மாதிரி தலை குனிந்து நிற்பதைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. என் மேல் கோபம் இருந்தால் நன்றாகத் திட்டி எழுது. கேட்டுக்கொள்கிறேன்.

மருதை


ஸ்ரீரங்கம்,
29-5-1961

மருதைக்கு,

மேல்விலாசம் நான் எழுதியது. டீச்சர் வழக்கம்போல் பேனாவை எடுத்தார்கள். நானே எழுதிக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும், தபால்காரருக்குப் புரிந்தால் சரி.

பொன்னுத்தாய் வந்துவிட்டாள். பேன் எல்லாம் எடுத்தாயிற்று. உங்கள் அக்காவே கொண்டுவந்து விட்டார்கள். இந்தத் தடவை உள்ளே வந்து உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்தார்கள். “ஏதோ போறாத வேளை” என்றார்கள். நானும் ஆமாம் என்றேன்.

ராத்திரி பொன்னுத்தாய் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்டாள். “நீ அப்பா பேரைச் சொல்லிட்டியாம்மா? அத்தை சொன்னாங்க. அப்பாவுக்கு ஒண்ணும் ஆகலியே?”

“ஆகல.”

“உனக்கு?”

விளக்கைத் தணித்தேன். தூங்கு என்றேன்.

மோதிரத்தை மீட்டுவிட்டேன். மாவாட்டுவதை விடவில்லை. இரண்டு வீடு இப்போது நான்கு வீடாகியிருக்கிறது. இனிமேல் கடைகளில் கணக்கு வேண்டாம், கையில் காசு இருந்தால் வாங்கிக்கொள்கிறேன். நம் வீட்டுச் சமாசாரம் எதையும் குழாயடியில் பேசுவதும் இல்லை. பொன்னுத்தாய்க்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

கோபம் இருந்தால் திட்டி எழுது என்கிறீர்கள். இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. பிள்ளை வந்த அன்றைக்குச் சந்தோசம் வரும் என்று இருந்தேன், அதுவும் நேரம் கழித்து, கொஞ்சமாகத்தான் வந்தது. மரத்துப்போன காலை ஊன்றினால் எப்படியோ அப்படி இருக்கிறது. நாளானால் சரியாகும் என்று டீச்சர் சொல்கிறார்கள். ஆகலாம்.

பழையபடி இரு என்று எழுதியிருக்கிறீர்கள். இருசம்மாள் உங்கள் பேரைச் சொல்லாமல் சொல்லிச் சொல்லி, அவளுக்கு ஒரு புருசன் இருப்பதுபோல் ஆயிற்றாம். நான் சொல்லிச் சொல்லி எனக்கு எதிர்வீட்டு ஆள் பேரைச் சொல்வதுபோல் ஆகிவிட்டது. அந்த வெட்கம் இப்போது என்னிடம் இல்லை. அதை அவள்தான் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். துணிக்கும் பாத்திரத்துக்கும் வழி பண்ணிவிட்டார்கள், இதற்கு யாரிடம் போய்க் கேட்பது?

ஆவணியில் வாருங்கள். வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொன்னுத்தாய் இப்போதே நாள் எண்ண ஆரம்பித்துவிட்டாள். ரயில் எந்நேரத்துக்கு வந்தாலும் நான் விழித்துக்கொண்டுதான் இருப்பேன். கதவைத் தட்டினால் யார் என்று கேட்பேன். எப்போதும்போல் ‘நான்தான்’ என்று சொல்லாதீர்கள், அதற்கு நான் திறக்க மாட்டேன். பேரைச் சொல்லுங்கள்.

மயிலம்மாள்